அழித்த வரி

“இனி என்னால முடியாது டீச்சர்,” என்றான் கதிர்வேலு. “எல்லாக் கணக்கையும் போட்டுக் காட்டுறேன். தலையாட்டுறாங்க. பரீட்சை வச்சா ஒருத்தருக்கும் வரல.”

எஸ்தர் டீச்சரிடம்தான் அவன் பாடம் நடத்தப் பழகியிருந்தான்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“இன்னைக்கு வகுப்பு இருக்குல்ல? வா.”

அந்த நாட்களில் கோவில்பட்டியில், தீப்பெட்டி ஆலைப் பெண்களுக்கு ஞாயிறு மதியம் ஒரு கூடத்தில் பத்தாம் வகுப்புப் பாடம் நடந்தது. அந்தக் கூடம் இப்போது ஜவுளிக்கடை. ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கதிர்வேலுவுக்குச் சாக்பீஸ் தூளும், அவர்கள் கைகளில் ஒட்டிக்கொண்டு வந்த தீக்குச்சி மருந்து வாசனையும் சேர்ந்தே மணக்கும்.

முன்வரிசையில் ஆவுடைத்தாய். கணக்கில் ஏற்கெனவே தோற்றவள். இந்த முறையும் தோற்றால் படிப்பை நிறுத்திவிடச் சொல்லியிருந்தார்கள் வீட்டில்.

“நீங்க போடும்போது புரியுது சார். நான் போட்டா வரமாட்டேங்குது.”

“ஒரு கணக்குப் போடு கதிர்,” என்றார் டீச்சர்.

அவன் எழுதினான்.

3x + 7 = 22
3x = 22 − 7
3x = 15
x = 5

எல்லோரும் தலையாட்டினார்கள்.

டீச்சர் எழுந்து போய் இரண்டாவது வரியை உள்ளங்கையால் அழித்தார்.

“இங்க என்ன நடந்துச்சு?”

கதிர்வேலு வாயைத் திறந்தான். டீச்சர் அவனைப் பார்த்தார். மூடிக்கொண்டான்.

வெளியே ஒரு லாரி போய் ஓய்ந்தது.

“ஏழைக் கூட்டியிருப்பீங்க,” என்றாள் ஆவுடைத்தாய்.

“சரி, கூட்டு.”

“இருபத்தொம்பது.” கரும்பலகையைப் பார்த்தாள். “கீழ பதினஞ்சுல்ல இருக்கு! அப்போ கழிச்சிருக்கணும்.”

“ஏன் கழிக்கணும்?”

அவள் சமன் குறியின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வெகுநேரம். பின்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். இவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“இந்தப் பக்கம் ஏழை எடுத்துட்டோம். அந்தப் பக்கமும் எடுத்தாத்தான ரெண்டும் சமமா நிக்கும்?”

டீச்சர் கதிரிடம் அடுத்த கணக்கை எழுதச் சொன்னார். அதில் இரண்டு வரிகளை அழித்தார். அதற்கடுத்த கணக்கில் முதல் வரியை மட்டும் விட்டுவைத்தார்.

ஆவுடைத்தாய் எழுந்து கரும்பலகைக்கு வந்தாள். பாதி எழுதி நின்றாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். மறுபடி நின்றாள்.

கதிர்வேலுவுக்குப் பொறுக்கவில்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனான்.

அவள் கரும்பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையால் அவனைத் தடுத்தாள்.

“பொறுங்க சார். சொல்லிராதீங்க.”