எதிர்ப்பலகை

“அக்கரையில் என்னை விட்டுவிட்டுத்தானே வரப்போகிறீர்கள்?” என்று கேட்டாள் பூங்கோதை.

சிவகாமி அம்மை படகுத்துறையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

முந்தின நாள் மற்ற ஆறு சீடர்களும் அம்மையிடம் போய் முறையிட்டிருந்தார்கள்.

“எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுகிறாள். பாடமே நடப்பதில்லை. அவளை அனுப்பிவிடுங்கள் அம்மா.”

“நாளைக்கு எல்லோரும் அக்கரைக்குப் போய் வருவோம்” என்றார் அம்மை.

“ஆமாம் அம்மா” என்றார்கள் ஆறு பேரும். வேறென்ன சொல்வார்கள்? அவர்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பூங்கோதை மட்டும் துணிமணி, புத்தகம் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள்.

படகில் இரண்டு ஓரமும் நீளப் பலகை. அம்மை இடப்பக்கம் உட்கார்ந்தார். ஆறு பேரும் அவரை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மீன் கூடையோடு வந்த இரண்டு பெண்களும், இங்கே என்ன விசேஷம் என்று அதே பக்கம் இடம் பிடித்தார்கள்.

நடு ஆற்றில் படகு சாய்ந்தது.

“யாராச்சும் நாலு பேர் இந்தப் பக்கம் வாங்க!” என்று கத்தினார் படகோட்டி தாவூத்.

“நீ போ” என்றார் ஒரு சீடர் பக்கத்திலிருந்தவரிடம்.

“நான் எப்படிப் போவது? அம்மா பக்கத்தில் இருக்கிறேன். நீ போ.”

“பக்தியெல்லாம் கரையில வச்சுக்கங்கய்யா! தண்ணி உள்ள வருது!”

அதே பலகையின் கோடியில் இருந்த பூங்கோதை எழுந்தாள்.

“முழுகுவதற்கும் அம்மாவிடம் அனுமதி கேட்பீர்களா?”

மூட்டையைத் தூக்கி வலப்பக்கம் போட்டாள். “அக்கா, கூடையை இப்படிக் கொடுங்க. நீங்களும் வாங்க” என்று அந்தப் பெண்களையும் இழுத்துக்கொண்டாள்.

படகு நிமிர்ந்தது.

அம்மை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல எழுந்து, வலப்பக்கம் வந்து உட்கார்ந்தார்.

ஆறு பேரும் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

படகு வலப்பக்கம் சரிந்தது. கூடை கவிழ்ந்து, கெளுத்திகள் சீடர்களின் மடியில் துள்ளின.

“அட, என்னம்மா நீங்க!” தாவூத் தலையில் அடித்துக்கொண்டார்.

பூங்கோதை அதற்குள் மூட்டையும் அக்காமாருமாக இடப்பக்கம் போய்ச் சேர்ந்திருந்தாள். அங்கிருந்து கத்தினாள்.

“எதற்காக இடம் மாறினீர்கள்?”

“வெயில்” என்றார் அம்மை.

“வானம் முழுக்க மேகம்! பொய் சொல்கிறீர்கள் அம்மா!”

ஆறு பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

அம்மை சிரித்தார். அக்கரை வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

தாவூத் படகைக் கட்டிவிட்டு அவர் முன்னால் வந்து நின்றார்.

“திரும்பிப் போறப்ப இந்தப் பொண்ணு வருதா?”

“ஏன் கேட்கிறீர்கள்?”

“வந்தா ஏறுங்க. வரலேன்னா உங்க ஆளுங்க ஒருத்தரையும் நான் ஏத்த மாட்டேன்.”

அம்மை ஆறு பேரையும் திரும்பிப் பார்த்தார். இன்னும் ஒன்றுமே கேட்கவில்லை.

“ஆமாம் அம்மா” என்றார்கள்.

“நான் வருவதாக யார் சொன்னது?” என்றாள் பூங்கோதை. மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். “என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? இதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இருக்கிறது.”

அம்மை அவள் கையிலிருந்த மூட்டையை வாங்கினார். படகுக்குள் குனிந்து, தான் உட்கார்ந்து வந்த பலகைக்கு எதிர்ப்பலகையில் அதை வைத்தார்.

“சொல்லு” என்றார்.