பாதி மாத்திரை

"இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலைம்மா. அது அவ்வளவு பெரிய பாவமா?"

மடத்து முற்றத்தில் நின்றபடி தணிகாசலம் கேட்டார். காவி வேட்டியெல்லாம் சேறு. முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

குரு சிவகாமவல்லி கிணற்றடியில் வெள்ளம் விட்டுப்போன சேற்றை மண்வெட்டியால் வழித்துக்கொண்டிருந்தார். சீடர் தணிகாசலத்தைவிடப் பதினோரு வயது இளையவர். அதனால் அவரிடம் 'நீங்க' போட்டுத்தான் பேசுவார்.

"எதை இல்லைன்னு சொல்லணும்?"

"மாத்திரையை."

விஷயம் இதுதான். ஆறு உடைத்துக்கொண்டு மூன்று நாள் ஊருக்குள் நின்றுவிட்டு வடிந்திருந்தது. கிணறெல்லாம் சாக்கடை. காய்ச்சிக் குடிக்கலாமென்றால் அடுப்பெரிக்கக் காய்ந்த சுள்ளி ஒன்றுகூடக் கிடையாது. சாலை இன்னும் முழுகிக் கிடந்ததால் நேற்றுக் காலை சுகாதாரப் பணியாளர் ஒருவர் படகில் வந்தார். தணிகாசலத்தின் கையில் இருபது குளோரின் மாத்திரைகளைக் கொடுத்தார். குடத்துக்கு ஒன்று, அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம், மீதி மாத்திரையோடு ரெண்டு நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மடத்து வாசலில் நின்றதோ நாற்பது குடம்.

தணிகாசலம் ஒவ்வொரு மாத்திரையையும் இரண்டாக உடைத்தார். துளிகூடச் சிந்தாமல் உடைத்தார். நாற்பது குடத்திலும் போட்டு, "தைரியமா குடிங்க" என்றார். நாற்பது பேரும் கும்பிட்டார்கள். அந்தக் கும்பிடு மனுஷனைச் சும்மா விடுமா? அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

இன்று விடிந்தால் தெருவில் ஏழு பேருக்கு வாந்தி, பேதி.

"உடைக்கும்போதே தெரியுமா, பாதி போதாதுன்னு?"

"சரியா ஞாபகமில்லைம்மா."

குரு இன்னொரு வெட்டுச் சேற்றை வழித்துப் போட்டார்.

"தெரியும்" என்றார் தணிகாசலம்.

சொல்லிவிட்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், மூக்கு ஒழுக ஒழுக அழுதார்.

"நான் பாவிம்மா. ஒரு பிராயச்சித்தம் சொல்லுங்க. பட்டினி கிடக்கிறேன். வாய் திறக்காம இருக்கிறேன். எது சொன்னாலும் செய்யறேன்."

மண்வெட்டி நின்றது.

"மத்தக் குடத்துல இன்னும் தண்ணி இருக்கா?"

"இருக்கும்."

"அவங்ககிட்ட சொல்லியாச்சா?"

"நேரா உங்ககிட்டதான் ஓடி வந்தேன்."

"நீங்க அழுது முடிக்கிற வரைக்கும் அவங்களுக்குத் தாகம் எடுக்காதா?"

தணிகாசலம் எழுந்து தெருவுக்கு ஓடினார்.

முதல் வீட்டில், "தண்ணியைக் கொட்டிடுங்க, மாத்திரை சரியில்லை" என்றார். இரண்டாவது வீட்டிலும் அதையேதான் சொன்னார். மாத்திரைக்கென்ன, எதிர்த்துப் பேசவா போகிறது?

மூன்றாவது வீட்டுக்காரர் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டே கறுவினார். "படகுல வந்தானே ஒருத்தன், அவன் மறுபடி வரட்டும். காலை ஒடிக்கிறேன்."

தணிகாசலத்துக்கு உடம்பு கூசியது. அந்தப் பணியாளர் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கிப் படகைத் தள்ளிக்கொண்டு வந்தவர்.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. மாத்திரை நல்ல மாத்திரைதான். நான்தான் பாதியா உடைச்சுப் போட்டேன்."

வீட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அதற்கு நாலு அறை அறைந்திருக்கலாம்.

தணிகாசலம் திரும்பி முதல் இரண்டு வீட்டுக்கும் போய் அதையே சொன்னார். பிறகு வரிசையாக ஒவ்வொரு வீடும். ஒருவர் காறித் துப்பினார். "காவியைக் கட்டிக்கிட்டு..." என்று ஒரு பெண் ஆரம்பித்தாள். நின்று முழுக்கக் கேட்டுக்கொள்ளக்கூட அவருக்கு நேரமில்லை. அடுத்த வீட்டில் யாராவது குடித்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசி வீடு செங்கமலத்தினுடையது. நேற்று எல்லாரையும்விடக் குனிந்து கும்பிட்டவள் அவள்தான். உள்ளே அவள் மகள், ஏழு மாதக் கர்ப்பிணி, பேதியில் துவண்டு பாயில் கிடந்தாள். செங்கமலம் மகளின் தலையைத் தூக்கிப் பிடித்து டம்ளரை அவள் வாயருகே கொண்டுபோயிருந்தாள்.

"கொடுக்காதீங்க!"

மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னார். செங்கமலம் டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"விடிஞ்சதிலிருந்து அஞ்சு டம்ளர் கொடுத்திருக்கேன் சாமி. வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னா. மடத்துச் சாமி கொடுத்த நல்ல தண்ணிடி, குடின்னு நான்தான் வற்புறுத்திக் கொடுத்தேன்."

தணிகாசலம் டம்ளரை எடுத்து வாசலில் கொட்டினார்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே சாமி, எனக்கு மாத்திரை இல்லைன்னு?"

"நீங்க திட்டுவீங்கன்னு பயந்துட்டேன்."

"திட்டியிருப்பேன். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி திட்டியிருப்பேன். திட்டிட்டு, பரண் பலகையை உடைச்சாவது காய்ச்சியிருப்பேனே!"