செண்பகவல்லியின் பீரோ

“மூணு தடவை பெயின்ட் அடிச்சாச்சு மாஸ்டர். காஞ்சதும் அங்கங்க புடைச்சிக்கிட்டு நிக்கு. ஸ்பிரே கன் சரியில்ல.”

சுடலைக்கண்ணு அலுத்துக்கொண்டார்.

மாஸ்டர் மரியபாக்கியத்தைவிட அவருக்குப் பத்து வயது கூட. ஸ்பிரே பெயின்ட் பட்டறையில் வயதை யார் பார்க்கிறார்கள்? தொழில் தெரிந்தவர் மாஸ்டர், மற்றவர் சீடப்பிள்ளை.

பீரோ சுடலைக்கண்ணுவின் மனைவி செண்பகவல்லியுடையது. அவள் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. நாளை மறுநாள் மகள் கல்யாணம். அம்மா பீரோதான் வேண்டும், அதுவும் புதுசுபோல வேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள்.

“அடிக்கும் முன்னால பழசைத் தேய்ச்சீங்களா?”

“தேய்ச்சேன்.”

மாஸ்டர் கதவின் மேல்பக்கப் புடைப்பில் விரலை வைத்தார்.

“மேல ஏழு இடம் மட்டும் விட்டுட்டேன். குளிக்கப் போகும்போது அவ நெத்திப் பொட்டை எடுத்துக் கதவுல ஒட்டிட்டுப் போவா. தேய்க்க மனசு வரல. அது மேலயே அடிச்சிட்டேன்.”

“கீழயும் புடைச்சிருக்கே?”

“அது துரு. சிவப்பா கெடந்துச்சு. இடுப்பு வலியில குனிய முடியல, சரியாத் தேய்க்கல.”

“கண்ணை மூடித் தடவுங்க.”

பட்டறை வழக்கம் அது. மேடு பள்ளம் கண்ணுக்குத் தப்பும், உள்ளங்கைக்குத் தப்பாது.

சுடலைக்கண்ணு தரையில் உட்கார்ந்து தடவினார். சின்னதாக ஒரு வட்டம். பக்கத்தில் இன்னொன்று, அதே அளவு. அப்புறம் நெருக்கமாக, வரிசையாக. பாயில் படுத்துக் கிடப்பவர் கை எட்டுகிற உயரத்தில்.

கை அங்கேயே நின்றுவிட்டது.

எட்டு மாதம் அவள் இந்தப் பீரோ ஓரமாகப் பாயில் கிடந்தாள். நோயில் உருக்குலைந்த முகத்தைப் பார்க்கப் பயந்து, அவள் விழிக்குமுன் வேலைக்குப் போய், அவள் தூங்கியபின் வீடு திரும்பிய மனிதர் இவர்.

“படுத்த பிறகு அவ பொட்டே வைக்கலன்னு நெனச்சேன்.”

அழுதார்.

“தெனமும் வச்சுக்கிட்டு எனக்காகக் காத்துக் கெடந்திருக்கா. எத்தனை நாள் மாஸ்டர்? எத்தனை நாள் நான் பார்க்காம இருந்திருக்கேன்?”

மாஸ்டர் ஒரு வாளித் தண்ணீரையும் உப்புத்தாளையும் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார்.

“தேயுங்க அண்ணாச்சி. ஒண்ணொண்ணா வெளிய வரும். எண்ணிக்கிடுங்க.”