சட்டக் கட்டத்தில் நடந்த மகாராஜா

வேங்கைமாறன் என்றொரு ராஜா. சட்டம் போடுவதில் அவருக்கு அப்படியொரு ஆசை! காலையில் தும்மினால், மாலைக்குள் தும்மலுக்கு ஒரு சட்டம் வந்துவிடும். எழுதிக் கொடுப்பவர் மந்திரி வித்தகராயர். எழுதியதைத் தானே படித்துத் தானே தலையாட்டிக் கொள்வார்.

ராஜாவின் பிறந்தநாள் பவனிக்குப் பட்டத்து யானை வரவே இல்லை. பாவம், ராஜா பல்லக்கில் போனார். ஊரே சிரித்தது. மூன்றாம் நாள் பாகன் கொற்றனைக் குளக்கரையில் பிடித்துச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"சட்டத்தை மீறியிருக்கிறான். நாடு கடத்துங்கள்!" என்றார் மந்திரி.

கொற்றன் அழுதுவிட்டான். "சாமி, ஒரு சட்டத்தையும் நான் மீறலீங்க. குட்டியிலேருந்து நான் வளர்த்த யானைங்க அது. அதை விட்டுட்டு எங்கே போவேன்?"

சபையின் குறும்புக்காரன் இளநாகன் எழுந்தான். "எந்தச் சட்டத்தை மீறினான் என்று பார்த்துவிட்டுத் தண்டிக்கலாமே, அரசே?"

"சரி, பார்!"

இளநாகன் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் மூன்று பெரிய கட்டங்கள் போட்டான். யானைக்கென்று ராஜா போட்டிருந்த சட்டங்களைக் கட்டத்துக்கு ஒன்றாக எழுதினான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி இழுத்தான்.

"ஒருவர் யானையாக நடக்க வேண்டும். கட்டம் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். சொந்த யோசனை கூடவே கூடாது. மந்திரியார்தான் வாசல் காவலர்."

ராஜாவுக்கு விளையாட்டென்றால் உயிர். "நானே யானை! அவன் தப்பு செய்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் நிற்கமாட்டேன்!" என்று சிம்மாசனத்திலிருந்து குதித்தார்.

முதல் கட்டம்: குளத்தில் குளித்துவிட்டு அரண்மனைக்குக் கிளம்பு. ராஜா கையைத் தும்பிக்கையாக்கித் தலையில் தண்ணீர் ஊற்றிக் கொண்டார். இரண்டாம் கட்டம்: கல்தெரு ராஜாவின் தேருக்கு மட்டும், யானை மண்தெருவில்தான் வர வேண்டும். ஆடி அசைந்து வந்தார். மூன்றாம் கட்டம், அரண்மனை வாசல்: காலில் மண் இருந்தால் மறுபடி முதல் கட்டத்துக்குப் போ.

மந்திரி குனிந்து பார்த்தார். "மண்தெருவில் வந்ததால்... காலில் மண் இருக்குமே, அரசே."

"இருந்தால்?"

"திரும்பிப் போக வேண்டும், அரசே."

ராஜா போனார். குளித்தார். வந்தார். மறுபடியும் மண். ஏழாவது சுற்றில் கிரீடம் காதுவரை சரிந்துவிட்டது. சபையில் எல்லோரும் வாயைப் பொத்திக் கொண்டார்கள். "திரும்பிப் போங்கள்" என்று சொல்வதற்குள் மந்திரிக்கு வியர்த்துக் கொட்டியது.

"அடேய் இளநாகா!" ராஜாவுக்கு மூச்சு வாங்கியது. "நான் எப்போதுதான் அரண்மனைக்குள் வருவது?"

"சட்டத்தை மீறினால் இப்போதே வரலாம், அரசே. கொற்றனுக்கு அந்தத் துணிச்சல் இல்லை. அதனால்தான் மூன்று நாளாக யானையைக் குளிப்பாட்டிக் கொண்டே இருந்தான்."

ராஜா அப்படியே தரையில் உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலை இளநாகன் கழுத்துக்குப் போனது. யானைக்குக் கல்தெரு திறந்தது. கொற்றன் கண்ணைத் துடைத்துக் கொண்டு யானைக் கொட்டிலுக்கு ஓடினான்.

"மந்திரியாரே, இனி நீர் எழுதும் ஒவ்வொரு சட்டத்தையும் முதலில் நீரே நடந்து காட்டும்!" என்றார் ராஜா.

அடுத்த வாரத்துக்கென்று எழுதி வைத்திருந்த நாற்பது ஓலைகளையும் மந்திரி அன்றைக்கே அடுப்பெரிக்கக் கொடுத்துவிட்டார்.