அரசன் கையில் கறுப்புக் கயிறு

நெடுங்காலத்துக்கு முன், பிங்கள ஆண்டு ஐப்பசி ஐந்தாம் நாள் காலையில், மருதக்கோட்டையை ஆண்ட அரசன் அரிந்தமனின் கைகளில் பதினேழு கயிறுகள் இருந்தன.

கயிறு அவனே கண்டுபிடித்த ஏற்பாடு. எந்தக் கதவை யார் திறப்பது என்று அரண்மனையில் தினமும் சண்டை. அதனால் வேலைக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு நிறம் என்று வகுத்தான். பச்சைக் கயிறு கட்டியவர் களஞ்சியத்தைத் திறக்கலாம். சிவப்பு என்றால் ஆயுதசாலை. மஞ்சள் என்றால் ஏரி மதகு. நீலம் ஆலோசகர்களுக்கு. வெள்ளை கட்டியவர் மட்டுமே அடுத்தவருக்குக் கயிறு கட்டலாம். இப்படிப் பதினேழு நிறங்கள். ஏதாவது ஒரு கயிறு இருந்தால் உணவுக்கூடத்தில் சாப்பாடு உண்டு.

"முகத்தைப் பார்க்காதே, கையைப் பார்" என்று வாயிற்காவலர் தலைவன் செங்கோடனுக்கு உத்தரவு.

ஏற்பாடு வந்த அன்றே அமைச்சர் குழைக்காதர் ஒரு கேள்வி கேட்டார். "குழுவில் சேர வெள்ளைக் கயிறு வேண்டும். விலகுவதற்கு, அரசே?"

"விலகுவதா? எவன் விலகுவான்!" என்று அரசன் சிரித்தான். "வேண்டாதவன் தானே அவிழ்த்துப் போடட்டும்."

செங்கோடன் அதையும் மனப்பாடம் செய்துகொண்டான்.

ஏற்பாடு நல்லதுதான். அரசனுக்குத்தான் கை நிற்கவில்லை. அழகாக இருக்கிறது என்று எல்லா நிறத்தையும் தானே கட்டிக்கொண்டான். வெண்டைக்காய் வதக்கல் ருசித்த அன்று சமையல்காரனுக்குச் சிவப்பைக் கட்டினான். மதகுக்காரன் மாடக்கண்ணு "மதியத்துக்குள் மழை வரும்" என்றான். வந்தது. அவனுக்கு நீலம். மூன்றே மாதத்தில் யார் எந்தக் குழு என்பது யாருக்கும் தெரியவில்லை.

படைத்தலைவர் பல்லவராயருக்கு அது கவலை இல்லை. வெள்ளைக் கயிறு அரசனிடமும் குழைக்காதரிடமும் மட்டும் இருந்ததுதான் அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

ஐப்பசி ஐந்தாம் நாள் அவர் அவையில் எழுந்தார். "அரசே, வெள்ளை தங்கள் கைக்கே உரிய நிறம். இன்னொருவர் கையில் அதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது."

"எனக்கும் லேசாக அடைக்கிறது" என்று சொல்லி, அரசன் அமைச்சரின் வெள்ளையை அவிழ்த்தான்.

"அது போதாது. புதிதாகக் கறுப்பு ஒன்று வேண்டும். கறுப்பு இருந்தால் வேறு எந்தக் கயிறும் செல்லக் கூடாது. எந்தக் கதவும் திறக்கக் கூடாது. வெள்ளை கட்டியவர் அவிழ்த்தால் ஒழிய அது அவிழவும் கூடாது."

"யாருக்குக் கட்டலாம்?"

"தனி ஆளுக்குக் கட்டினால் பழி வரும். குழுவுக்குக் கட்டுவோம். நீலக் குழு."

அந்தக் குழுவில் அமைச்சர் ஒருவர்தான் இருக்கிறார் என்பது பல்லவராயரின் கணக்கு.

"அபாரம்! இப்படி ஆலோசனை சொல்கிற நீர் ஆலோசகர் இல்லாமல் வேறு யார்?" என்று அரசன் பல்லவராயர் கையில் நீலத்தைக் கட்டிவிட்டான். "செங்கோடா, என் வெள்ளையின் பேரில் நீயே கறுப்பைக் கட்டு!"

செங்கோடன் நீலக் கயிற்றைத் தேடித் தேடி, அதன்மேலேயே கறுப்பை முடிந்துகொண்டு வந்தான். குழைக்காதருக்கு முடிந்தான். மாடக்கண்ணுவுக்கு முடிந்தான்.

"எனக்கு எதற்கய்யா?" என்று கத்திய பல்லவராயருக்கும் முடிந்தான். கடைசியில் சிம்மாசனத்தின் முன் வந்து நின்றான்.

"தங்கள் கையிலும் நீலம் இருக்கிறது, அரசே."

அரசன் பெருமிதமாகக் கையை நீட்டினான். "கட்டு! சட்டம் எனக்கும் ஒன்றுதான் என்று நாடு பார்க்கட்டும்."

நாடு பார்த்தது. பசித்துப்போய் அரசன் உணவுக்கூடத்துக்கு நடந்தான்; அவையும் பின்னால் நடந்தது. ஈட்டிகள் குறுக்கே விழுந்தன.

"கறுப்பு, அரசே."

"அட, வெள்ளையும் இருக்கிறதே. இதோ அவிழ்க்கிறேன்."

"கறுப்பு இருந்தால் வெள்ளை செல்லாது, அரசே."

"அப்படியானால் வெள்ளை கட்டிய வேறு ஒருவரைக் கூப்பிடு."

"வேறு யாரும் இல்லை, அரசே."

"ஒருவருக்குப் புதிதாகக் கட்டு!"

"கட்டுவதற்கு வெள்ளை வேண்டும், அரசே."

அரசன் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்படியானால் இந்த நாட்டில் இப்போது யார்தான் அரசன்?"

செங்கோடன் யோசித்தான். "கையைப் பார்த்தால் தெரியவில்லை, அரசே."

அந்த நேரத்தில்தான் ஏரிக்கரையிலிருந்து ஆள் ஓடிவந்தான். மேற்கே பெய்த மழையில் ஏரி தளும்புகிறது. மதகைத் திறக்காவிட்டால் மாலைக்குள் கரை உடையும். கரைக்குக் கீழேதான் வண்ணார் தெரு, குயவர் தெரு, மாடக்கண்ணுவின் வீடு.

அரசனைத் தவிர மஞ்சள் உள்ள ஒரே ஆள் மாடக்கண்ணு, அந்தக் கயிற்றைக் காட்டிக் கதறினான். "என்னை விடுங்கள் சாமி! வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது!"

"கறுப்பு" என்றான் செங்கோடன்.

அரசன் அமைச்சரிடம் திரும்பினான். "குழைக்காதரே, ஏதாவது செய்யும்."

"நான் செய்ய ஒன்றுமில்லை. தாங்கள் ஆலோசகர் குழுவிலிருந்து விலகிவிடுங்கள்."

"என்னை யாரால் விலக்க முடியும்?"

"யாராலும் முடியாது. தாங்களே விலகலாம். வேண்டாதவன் தானே அவிழ்க்கட்டும் என்று சொன்னது தாங்கள்தான். கறுப்பைத் தொட வேண்டாம். அது முடிந்திருப்பது நீலத்தில். நீலம் போனால்..."

அவர் முடிக்கவில்லை. மாடக்கண்ணு நீலத்தைப் பல்லால் கடித்து இழுத்து, கறுப்போடு சேர்த்துத் தரையில் எறிந்துவிட்டு ஓடினான். செங்கோடன் கையைப் பார்த்தான். மஞ்சள் மட்டும். ஈட்டிகள் விலகின.

மதகு திறந்தது. கரை நின்றது.

அரசன் கீழே கிடந்த கயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் நீலத்தை அவிழ்த்தான். குழைக்காதரும் அவிழ்த்தார். அரசன் உடனே அவருக்கு வெள்ளையையும் புது நீலத்தையும் கட்டினான். தன் கைகளில் வெள்ளையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழற்றினான்.

"பல்லவராயரே, நீரும் அவிழும். சாப்பிடப் போவோம்."

"அவிழ்த்தால் நீலத்தை மறுபடி கட்டுவீர்களா, அரசே?"

"யோசிக்கிறேன்."

பல்லவராயர் கயிற்றை மறுகையால் பொத்திக்கொண்டார். "நான் ஆலோசகராகவே இருந்துவிடுகிறேன்."

"இரும்" என்று சொல்லிவிட்டு அரசன் சாப்பிடப் போனான்.

பல்லவராயருக்கு வாசலுக்கு வெளியே இலை போட்டார்கள்.

அடுத்து வந்த காளயுக்தி ஆண்டு ஆடி பதினெட்டாம் நாள் பல்லவராயர் நீலக் கயிற்றை அவிழ்த்தார்; கையில் சிவப்பு மட்டும் மிஞ்சியது. அன்று பகல் உணவுக்கூடத்தில் சாப்பிட்டார்.