பண்டிதர் அழைத்த வாத்துகள்

அரண்மனை வாசல் குளத்தில் வாத்து மேய்க்கும் செங்கமலத்தைக் கண்டாலே, பன்மொழிப் புலி என்று பட்டம் வாங்கிய அரசவைப் பண்டிதருக்கு ஆகாது.

"எனக்கு அர்த்தம் தெரியாத ஒரு சொல்லைச் சபையில் சொல், குளம் உனக்கு. இல்லையென்றால் ஊரைவிட்டே ஓடு!" என்றார்.

மறுநாள் ராஜா முன்னால் செங்கமலம், "குவ்வோ" என்றாள்.

பண்டிதர் மீசையை முறுக்கினார். "பூ, இவ்வளவுதானா? பாரசீகத்தில் குவ்வோ என்றால் குதிரைச் சேணம்." குரலை உயர்த்தினார். "சிங்களத்தில் குவ்வோ என்றால் சிறு படகு. அரபியில் குவ்வோ..."

அதற்குள் காவலர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு அறுபது வாத்துகள் உள்ளே பாய்ந்து, அவர் மடியில் தீனி தேடின.

"அந்தப் பாஷையெல்லாம் நான் கண்டேனா, சாமி?" என்றாள் செங்கமலம். "தீனி தின்ன வாங்கடின்னு என் வாத்துகளைக் கூப்பிட நானே உண்டாக்கின சத்தமுங்க அது."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "குளம் உனக்கு. பண்டிதரே, கூப்பிட்டது நீர்தானே? தீனியையும் நீரே போடும்!"