வாசனையை நம்பிய கிருமிகள்

குளத்தங்கரையில் ஒரு சேம்புச் செடி செழிப்பாக வளர்ந்திருந்தது. மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், நத்தை ஒன்று அதன் தண்டைக் கடித்துவிட்டுப் போனது. அந்தக் காயத்தின் வழியாக அழுகல் கிருமிகள் சில உள்ளே நுழைந்தன.

செடியைக் கரைக்கும் நச்சுநீரைச் சுரக்க அவற்றுக்குத் தெரியும். தண்டைக் கரைத்துக் குடித்துவிட்டு, அப்படியே கிழங்குக்குள் இறங்க வேண்டும். அதுதான் அவற்றின் திட்டம்.

“யாரும் அவசரப்படக் கூடாது!” என்றது தலைவி நச்சி. “நாம் கொஞ்சம் பேர்தான். இப்போதே நச்சுநீரைக் கொட்டினால் செடி விழித்துக்கொண்டு காயத்தை அடைத்துவிடும். முதலில் பெருகுவோம். ஒவ்வொருவரும் கொஞ்சம் வாசனை விடுங்கள். இந்த இடம் முழுக்க அந்த வாசனை நிறைந்தால், நாம் பெருங்கூட்டம் ஆகிவிட்டோம் என்று அர்த்தம். அப்போது எல்லாரும் சேர்ந்து கொட்டுவோம்!”

கிருமிகள் காத்திருந்தன. ஆனால் ஒன்றாலும் சும்மா இருக்க முடியவில்லை. நெளிந்தன, இடித்துக்கொண்டன, முகர்ந்து முகர்ந்து பார்த்தன. துடியன் என்ற கிருமிதான் எல்லாவற்றையும்விட மோசம்.

“இப்போது கொட்டலாமா?”

“இல்லை.”

“இப்போது?”

“வாயை மூடு, துடியா!”

கிழங்கின் தோலில் வேரி என்ற நல்ல கிருமி குடியிருந்தது. மேலே நடந்த பேச்சு அதன் காதில் விழுந்தது. அது பதறிப்போனது.

“அம்மா! உன் தண்டுக்குள் பகைவர்கள் வந்திருக்கிறார்கள்! சீக்கிரம் காயத்தை அடைத்துவிடு!”

“எனக்கு ஒன்றும் வலிக்கவில்லையே!” என்றது சேம்பு. “நத்தை கடித்த காயம்தானே? தானாகக் காய்ந்துவிடும்.”

வேரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவை கொட்டாதவரை செடிக்கு வலிக்காது. பெருங்கூட்டமாகிக் கொட்டினால், வலித்தும் பயனில்லை. கிழங்கு போனால் வேரிக்கும் வீடில்லை. ‘இப்போதே அவற்றைக் கொட்ட வைத்தால்?’ என்று அது நினைத்தது. அருகில் போனால் அந்த நச்சுநீர் அதையும் பொசுக்கிவிடும்.

ஆனாலும் போனது. காயத்தின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, அவற்றின் வாசனையைப் போலவே ஒரு வாசனையைத் தன் பலமெல்லாம் கூட்டி வெளியே விட்டது.

துடியன் துள்ளியது. “வந்துவிட்டது! வாசனை வந்துவிட்டது! நாம் பெருகிவிட்டோம்!”

“பொறு!” என்றது நச்சி. “சற்று முன்புவரை லேசாகத்தானே இருந்தது? அதற்குள் எப்படி?”

“மூக்கைத் துளைக்கிறதே! இன்னும் என்ன சந்தேகம்? கொட்டுங்கள்!”

துடியன் கொட்டியது. பக்கத்தில் இருந்ததும் கொட்டியது. எல்லாம் கொட்டுவதைப் பார்த்து நச்சியும் கொட்டிவிட்டது.

“ஐயோ, சுடுகிறதே!” என்று அலறியது சேம்பு.

அடுத்த கணமே அது வேலையில் இறங்கியது. காயத்தைச் சுற்றியிருந்த சதையைத் தானே சாகவிட்டது. அதற்கு வெளியே கெட்டியான சுவர் ஒன்றை எழுப்பியது. சுவர் மூடுவதற்குள் வேரி இடுக்கு வழியாக நழுவி வெளியே விழுந்தது. அதன் உடம்பில் ஒரு பக்கம் வெந்துபோயிருந்தது.

உள்ளே சிக்கிய கிருமிகள் சுவரை முட்டின. அது அசையவில்லை. குடிக்கச் சொட்டு ஈரமும் இல்லை.

“நம் கூட்டத்தை முன்னே வரச் சொல்!” என்று கத்தியது நச்சி.

துடியன் திரும்பிப் பார்த்தது. கூட்டம் என்று எதுவும் இல்லை. வந்தபோது இருந்த அதே கொஞ்சம் பேர்தான் திருதிருவென விழித்துக்கொண்டு நின்றார்கள்.

கருகிய தண்டு சில நாளில் ஒடிந்து குளத்தில் விழுந்தது. கிழங்கு பிழைத்தது.

“நீ சொன்னபோதே நான் கேட்டிருக்க வேண்டும்,” என்றது சேம்பு.

“இனி நத்தை வந்தால் எனக்குச் சொல், அம்மா,” என்றது வேரி. மேற்கொண்டு பேச அதற்குத் தெம்பில்லை.

தன் பக்கம் உண்மையில் எத்தனை பேர் என்று பார்க்காமல், ஆரவாரத்தை நம்பித் தாக்கக் கிளம்புகிறவர் தாமே அழிந்துபோவார்.